எருமைக்கு ஏது இறக்கை?

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒருவர், ‘பஃபலோ என்றால் எருமைதானே, அமெரிக்காவில் ஏன் வேறு ஏதோ சடை மாட்டை அந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள்?’ என்று கேட்டிருந்தார். பக்கத்தில் இடம் இல்லாததால் ‘போனவர்களுக்கு மாடு அடையாளம் தெரியவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். முடிந்ததா என்றால் இல்லை, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை முழுக்க எருமை மேய ஆரம்பித்துவிட்டது. வந்த கடிதங்களில் பாதி எருமையைப் பற்றி, மீதிப் பாதி என்னைப் பற்றி. இரண்டாவது வகையை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த இதழை எருமைக்கே விட்டுவிடுகிறேன்.

கே: எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த கடையில் ‘பஃபலோ விங்ஸ்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எருமைக்கு ஏது இறக்கை? வாப்பா உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.
– ஒரு வாசகர், கீழக்கரை

வாப்பாவைத் தைரியமாக உள்ளே கூப்பிடுங்கள், அது கோழிதான். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1964இல் அங்கே ஆங்கர் பார் என்ற கடையில் தெரெஸ்ஸா பெலிசிமோ என்ற அம்மா, சூப்புக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கிக் கிடந்த கோழி இறக்கையை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸையும் வெண்ணெயையும் ஊற்றிப் பிரட்டிக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. திண்டுக்கல் பிரியாணி மாதிரி இது பஃபலோ இறக்கை, அவ்வளவுதான். சரி, ஊருக்கு ஏன் அந்தப் பெயர்? பக்கத்தில் ஓடும் பஃபலோ ஓடையிலிருந்து வந்தது. ஓடைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை, நாம் நடுவில் போகவேண்டாம்.

கே: பஃபலோ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சமாளித்துவிட்டேன். அந்த நாளை போன வாரமே முடிந்துவிட்டது.
– ஓர் ஆசிரியை, தொண்டி

இதற்கு வேதாளைப் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும் டீச்சர். 16ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறையில் வந்து உட்கார்ந்த போர்த்துகீசியரை உங்களுக்குத் தெரியும். வேதாளையில் அவர்களுக்கு ஒரு கோட்டையே இருந்தது. நமக்கு ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பீப்பாய் எல்லாம் கொடுத்துவிட்டுப் போன அதே ஆட்கள்தான் ஆங்கிலேயருக்கு ‘பூஃபலு’ என்ற சொல்லைக் கொடுத்தார்கள். ஆசியாவுக்கு வந்து இந்த மாட்டைப் பார்த்து எழுதிய போர்த்துகீசியர், ஸ்பானியர் நூல்களை மொழிபெயர்க்கும்போது, 1580களில், ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைகிறது.

போர்த்துகீசியருக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. பழைய லத்தீனில் பூபலுஸ், பிற்கால லத்தீனில் பூஃபலுஸ். லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து, அங்கே பூபலோஸ். இதுவரை நேர்கோடுதான். ஆனால் அந்தக் கிரேக்க பூபலோஸ் எருமையே இல்லை! வட ஆப்பிரிக்காவில் துள்ளி ஓடிக்கொண்டிருந்த ஒரு வகை மானுக்கு அது பெயர். கிரேக்கத்தில் மாட்டுக்கு ‘பௌஸ்’ என்று பெயர், மாட்டு முகச் சாயல் இருந்ததால் மானுக்கு அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம் என்பார்கள். அப்புறம் காலப்போக்கில் பெயர் மானைவிட்டு இறங்கிக் காட்டு மாட்டின் மேல் ஏறி, கடைசியில் நம் எருமை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. உலகத்திலேயே அவசரப்படாத பிராணிக்கு, ஓட்டத்துக்குப் பேர்போன மானின் பெயர். அந்த மானினம் 20ஆம் நூற்றாண்டில் அழிந்தே போய்விட்டது. பெயர் மட்டும் தப்பித்து எருமை முதுகில் ஊர் சுற்றுகிறது.

கொசுறாக இன்னொன்று, அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். எருமைத் தோலைப் பதப்படுத்தி மெத்தென்று ஆக்கிய தோலுக்கு ‘பஃப்’ என்று பெயர் வந்தது. அந்தத் தோலின் மங்கிய மஞ்சள் நிறமும் ‘பஃப்’ ஆயிற்று. அந்தத் தோலால் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் ‘பஃப்’. நம் ஊர்ப் பட்டறையில் எவர்சில்வரைத் தேய்க்கிறார்களே, ‘பஃபிங்’, அந்தச் சொல்லுக்குள் ஒரு எருமை படுத்திருக்கிறது. நியூயார்க்கில் தீயணைக்கும் தொண்டர்கள் அந்த மங்கிய மஞ்சள் கோட்டு போட்டார்களாம், எங்கே தீப்பிடித்தாலும் ஓடிப்போய் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு அந்தக் கோட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்துதான் ‘சினிமா பஃப்’ வரைக்கும் வந்திருக்கிறது. பேக்கரி முட்டை பப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதை யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கே: கொடைக்கானலில் சாலையில் நிற்பதைக் ‘காட்டெருமை’ என்று செய்தியில் சொல்கிறார்கள். வனத்துறையில் இருக்கும் என் மாமா அது எருமையே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு கல்லூரி மாணவர், சாயல்குடி

மாமா சொல்வதுதான் சரி. அது காட்டுமாடு. பசு, காளை இருக்கும் குடும்பக் கிளையைச் சேர்ந்தது. எருமையின் கிளை வேறு. கால்களைப் பாருங்கள், முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். உண்மையான காட்டெருமையைப் பார்க்க வேண்டும் என்றால் அசாமில் காசிரங்காவுக்குப் போகவேண்டும். நம் முன்னோர் இதில் குழம்பவில்லை, காட்டுமாட்டுக்கு ‘ஆமான்’ என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள், ‘ஆ’ என்றால் பசு. பிறகு வந்த நாம் கறுப்பாக, பெரிதாக இருக்கிறதே என்று எருமை ஆக்கிவிட்டோம். மலையாளிகளும் ‘காட்டுபோத்து’ என்கிறார்கள், போத்து என்றால் அவர்களுக்கு எருமைக்கடா. ஆங்கிலேயர் தம் பங்குக்கு ‘இந்தியன் பைசன்’ என்று வைத்தார்கள், அதுவும் தப்பு.

போன இதழ் விஷயத்துக்கும் இதுதான் பதில். அமெரிக்கச் சமவெளியில் மேய்ந்த பைசனை, அதாவது அந்தச் சடை மாட்டைப் பார்த்த குடியேறிகள் 1630களிலேயே பஃபலோ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சில கோடிகளாக இருந்த அந்த இனத்தைச் சுட்டுச் சுட்டு, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 1913இல் காசில் அதன் உருவத்தை அடித்தார்கள், அந்தக் காசையும் ‘பஃபலோ நிக்கல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். 2016இல் நாட்டின் பாலூட்டி விலங்காக அறிவித்த சட்டத்தில் மட்டும் ஒழுங்காகப் ‘பைசன்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பேச்சில் இன்னமும் பஃபலோதான்.

கே: எரு கொடுப்பதால் எருமை என்று எங்கள் தாத்தா சொல்வார். அது உண்மையா?
– ஒரு வாசகி, திருப்பாலைக்குடி

தாத்தா பேச்சைத் தட்ட மனசு வரவில்லை அம்மா, ஆனாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எரு கொடுப்பதுதான் காரணம் என்றால் பசுவும் ஆடும் என்ன பாவம் செய்தன? இன்னொன்று, உறவு மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் எரும, துளுவில் எர்மெ, கன்னடத்தில் எம்மெ. தெலுங்கில் பழைய சொல் எனுமு, இப்போது பேச்சில் கேதெ. தெலுங்கில் உரத்துக்கு எருவு என்ற சொல் இருக்கிறது, ஆனால் எருமை அங்கே எனுமுவாக நிற்கிறது. எருவிலிருந்து பிறந்த சொல் என்றால் அங்கேயும் அந்த ஜாடை தெரிய வேண்டாமா? இந்தத் திராவிட மொழிகள் பிரிவதற்கு முன்னாலேயே எருமைக்கு எருமை என்று ஒரு சொல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். இரவல் வாங்கிய சொல் இல்லை என்பதே பெரிய விஷயம்.

அதற்கு மேல் நாம் எவ்வளவு பெயர் வைத்திருந்தோம் பாருங்கள். காரான் (கரிய ஆன், அதாவது கறுப்பு மாடு), மேதி, ஆணுக்குப் போத்து, பகடு, கடா. இளம் பெண்ணுக்கு நாகு. எந்தெந்த விலங்கின் பெண்ணை நாகு என்று சொல்லலாம் என்று தொல்காப்பியம் கணக்கு வைத்துச் சொல்கிறது, அதில் எருமையும் உண்டு. ஐங்குறுநூற்றில் எருமைக்கென்றே பத்துப் பாட்டு, ‘எருமைப் பத்து’ என்றே அதற்குப் பெயர், ஓரம்போகியார் பாடியது. அதில் கடாவை ‘நீல இரும்போத்து’ என்கிறார். கறுப்பு என்று சொல்லவில்லை, நீலம் என்கிறார். கண்மாயிலிருந்து நனைந்த உடம்போடு ஏறிவரும் எருமை மேல் சாயங்கால வெயில் படும்போது பாருங்கள், புலவர் பொய் சொல்லவில்லை. கம்பனோ, சேற்றில் நிற்கும் மேதி தன் கன்றை நினைத்துக் கனைக்க, மடியிலிருந்து தானாகச் சொரிந்த பாலை அன்னக்குஞ்சு குடித்துவிட்டுத் தூங்குகிறது, பச்சைத் தவளை தாலாட்டுப் பாடுகிறது என்று ஒரு கோசல நாட்டையே எருமை மடியில் எழுப்பியிருக்கிறான். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிறைந்த வருஷத்தில் ஒரு தடவை போய் நின்றால் அன்னம் தவிர மற்றது எல்லாம் கிடைக்கும்.

கே: பாம்பனில் மீன் வாங்கி வந்தேன். ‘எருமை நாக்கு’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். என் மருமகள் மதுரைக்காரி, பெயரைக் கேட்டதும் சட்டியைத் தொடமாட்டேன் என்கிறாள். மீனுக்கு ஏன் இந்தப் பெயர்?
– ஒரு மாமியார், மண்டபம்

வந்த கேள்விகளில் என்னை உட்கார வைத்த கேள்வி இதுதான். முதலில் மருமகளிடம் சொல்லுங்கள், தட்டையாக, நீளவாக்கில், ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை என்று இருக்கும் அந்த மீனை எருமை நாக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் வேறு பெயர் வைக்க மாட்டார்கள். மற்றவர்கள் மட்டும் என்ன அழகாக வைத்துவிட்டார்கள்? இந்தத் தட்டை மீன் கூட்டத்தில் ஒன்றை ரோமானியர் செருப்பின் அடிப்பாகம் என்றார்கள், அதுதான் ஓட்டலில் விலை போட்டு விற்கும் ‘சோல்’. நம் கடலில் மெலிந்து நீண்டு கிடைக்கும் நாக்கு மீன் வகைக்கு விஞ்ஞானப் பெயர் ‘சைனோகிளாசஸ்’, கிரேக்கத்தில் நாய்நாக்கு என்று அர்த்தம். செருப்பையும் நாய்நாக்கையும் பார்க்கையில் எருமை நாக்கு எவ்வளவோ கௌரவம்.

இனிமேல்தான் விஷயம். நாக்கு மீனைவிடத் தடித்து, வாய் நிறையப் பல்லோடு ஒரு தட்டை மீன் வரும். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதற்கு எழுதும் பெயர் ‘செட்டோடஸ் எருமெய்’. ஆமாம், எருமெய். லத்தீன் இல்லை, கிரேக்கம் இல்லை, நம் எருமைதான். டென்மார்க்காரர் கையில் தரங்கம்பாடி இருந்தபோது, அங்கேயிருந்த மிஷனரிமார் மீன்களைப் பதப்படுத்தி, பெயரும் எழுதி, பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார்கள். ஜான் என்ற பாதிரியார் அதில் முக்கியமானவர், அவர் பெயரிலேயே சில மீன்கள் இருக்கின்றன. பிளாக் 1799இல் இறந்துபோக, அவர் எழுதிவந்த மீன் புத்தகத்தின் மீதி வேலையை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். தரங்கம்பாடிக் கரையில் எருமை நாக்கு என்று சொல்லிக் கேட்டதில் ‘நாக்கு’ விழுந்துபோய் ‘எருமெய்’ மட்டும் புத்தகத்தில் ஏறிவிட்டது. இன்றைக்கு ஆப்பிரிக்காக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா வரை எங்கே அந்த மீனைப் பிடித்தாலும், தமிழே தெரியாத ஆராய்ச்சியாளர் ‘எருமெய்’ என்றுதான் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். கிரேக்கர் மானுக்கு வைத்த பெயர் எருமைக்குப் போனது என்று மேலே சொன்னேன் இல்லையா, நம் எருமையின் பெயர் மீனுக்குப் போயிருக்கிறது. அதுவும் நாக்கு இல்லாமல்!

அந்த மீனை அடுத்த தடவை வாங்கினால் அறுப்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள். தட்டை மீன் எல்லாமே குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் இருக்கும். வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கம் நகர்ந்து வந்துவிடும், அப்புறம் கண் இல்லாத பக்கத்தைத் தரையில் போட்டுப் படுத்துக்கொள்ளும். இந்த எருமெய்க்கோ அந்தக் கண் முழுதாக மறுபக்கம் வராமல் உச்சந்தலை விளிம்பிலேயே நின்றுவிடும். மற்ற தட்டை மீன்களைப் போல எப்போதும் படுத்தே கிடக்காமல், சில நேரம் நிமிர்ந்தும் நீந்தும். நடு முள்ளை எடுத்துவிட்டால் வெறும் சதைதான், பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். மருமகளுக்கு முதலில் பொரித்துக் கொடுங்கள், பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கே: கடல்பசு இருக்கிறதே, கடல் எருமை உண்டா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மோர்ப்பண்ணை

இல்லை கண்ணு. கடல்பசுவே பசு இல்லை. நம் ஆட்கள் ஆவுளியா என்கிறார்களே, அது கடற்புல் மேய்வதால் பசு ஆயிற்று. சொந்தம் என்று பார்த்தால் யானைக்குத்தான் கிட்ட. பாக் விரிகுடாவில் அதற்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். வலையில் மாட்டினால் உடனே வலையை அறுத்து அதை விட்டுவிடச் சொல்லி அப்பாவிடம் சொல்லு, அது மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டிய பிராணி.

கே: எங்கள் ஊர் அம்மன் மகிஷாசுரனை வதைத்தவள். மகிஷன் என்றால் எருமை என்று தெரியும். மைசூரும் அதே மகிஷன்தான் என்கிறார்களே?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

அதே மகிஷன்தான். மகிஷ ஊர் மைசூர் ஆயிற்று என்பது அவர்கள் கதை. உங்கள் தலக்கதையில் அசுரன் குளத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான், எருமை வேறு எங்கே போய் ஒளியும்! ஆனால் இதில் நம் பக்கத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து வந்த ஏழு பேரை அகநானூறு வரிசையாகச் சொல்கிறது, அதில் ஒருவன் ‘எருமையூரன்’. மைசூர்ப் பக்கத்து ஆள் என்றுதான் உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். மகிஷனைத் தமிழில் எருமை ஆக்கினார்களா, எருமையூரை வடமொழியில் மகிஷ ஊர் ஆக்கினார்களா என்று கேட்டுச் சண்டைக்கு இழுக்காதீர்கள்.

மகிஷ என்ற சொல் ரிக் வேதத்தில் ‘பெரிய, வலிய’ என்ற பொருளில்தான் முதலில் வருகிறது, அப்புறம்தான் எருமை. மகிஷி என்றால் பட்டத்தரசி, பெண் எருமைக்கும் அதே சொல். அரண்மனையில் எந்த அர்த்தத்தில் கூப்பிட்டார்கள் என்று ராணிக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த மகிஷிதான் தேய்ந்து இந்தியில் ‘பைன்ஸ்’ ஆயிற்று.

கே: சவூதியில் பத்து வருஷம் இருந்தேன், எருமையை அங்கே ‘ஜாமூஸ்’ என்பார்கள். அதற்கு முன் பினாங்கில், அங்கே ‘கெர்பாவ்’. இரண்டுக்கும் எருமைக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், நம்புதாளை

எருமை என்ற சொல்லோடு தொடர்பு இல்லை. ஜாமூஸ் பாரசீகத்து ‘காவ்மேஷ்’ அரபு வாயில் மாறியது. காவ் என்றால் மாடு. மலாய்க்காரர் வளர்ப்பது வேறு வகை எருமை, சதுப்பு நில எருமை. நம்முடையதற்கு 50 குரோமோசோம், அதற்கு 48. அங்கே சுமத்ராவில் மினாங்கபாவு என்று ஓர் இனம் உண்டு, ‘மெனாங் கெர்பாவ்’ என்றால் வென்ற எருமை. ஜாவாவிலிருந்து படையோடு வந்தவர்கள் பெரிய கடாவை மோத விட்டார்களாம், இவர்கள் பாலுக்கு ஏங்கிய ஒரு கன்றின் மூக்கில் கத்தியைக் கட்டி விட்டார்களாம். கன்று அதைத் தாய் என்று நினைத்து மடி தேடி முட்ட, கடா சரிந்தது. கதைதான், ஆனால் பினாங்கு டீக்கடையில் சொன்னால் அரை மணி நேரம் ஓடும்.

கே: பஃபலோ என்ற ஒரே சொல்லை எட்டுத் தடவை எழுதினால் முழு வாக்கியம் ஆகும் என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். பணத்தைக் கொடுக்கவா?
– ஓர் இளைஞர், ராமேஸ்வரம்

கொடுத்துவிடுங்கள். வில்லியம் ராப்பபோர்ட் என்ற பேராசிரியர் 1972இல் மாணவராக இருந்தபோது பிரபலமாக்கிய வாக்கியம் அது. பஃபலோ ஓர் ஊர், பஃபலோ ஒரு மாடு, பஃபலோ என்பது ‘மிரட்டு, குழப்பு’ என்ற வினையும்கூட. பஃபலோ ஊர் மாடுகள் மிரட்டுகிற பஃபலோ ஊர் மாடுகள், தாங்களும் பஃபலோ ஊர் மாடுகளை மிரட்டுகின்றன. இதுதான் பொருள். தமிழில் முடியாது. நமக்கு ‘ஐ’யும் ‘கள்’ளும் ‘கின்றன’வும் வாலாக வந்து நிற்கும், எந்த எருமை எதை முட்டியது என்று உடனே தெரிந்துவிடும்.

கே: அம்மா என்னைத் தினமும் ‘எருமை மாட்டு மேல மழை பெய்த மாதிரி நிற்கிறான்’ என்று திட்டுகிறார். ஏதாவது எழுதுங்கள்.
– பெயர் வேண்டாம், ஏர்வாடி

தம்பி, எருமைக்குப் பசுவைவிட வியர்வைச் சுரப்பி குறைவு, தோலோ கறுப்பு, நம் ஊர் வெயிலோ உனக்குத் தெரியும். அதனால்தான் நாளெல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கிறது. மழை பெய்தால் அது சொரணை இல்லாமல் நிற்கவில்லை, அனுபவித்து நிற்கிறது. இந்தியாவில் 2019 கணக்குப்படி எருமைகள் ஏறத்தாழ 11 கோடி, கொழுப்பு பசும்பாலைவிடக் கூடுதலாக இருக்கும் அதன் பாலில்தான் உன் அம்மாவின் டீயும் கெட்டியாக நிற்கிறது. இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டு. ஆனால் முதலில் அவர் வாங்கிவரச் சொன்ன சாமானை வாங்கி வந்துவிட்டு அப்புறம் காட்டு.